காது மேடம்

நோயாளியின் காதில் மாட்டுவதற்கு முன்னால், மேடம் ஒவ்வொரு முறையும் அந்த ஹெட்போனைத் தன் காதில் வைத்துப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு வலது பக்கம் கொஞ்ச நேரம், இடது பக்கம் கொஞ்ச நேரம். டிக் டிக் டிக் என்று விடாமல் விழும் சத்தம் அது. பக்கத்தில் நிற்கும் எனக்கே லேசாகக் கேட்கும். கட்டிலில் கிடப்பவரின் மூளை வேலை செய்கிறதா என்று பார்க்க வந்தவர், முதலில் தன் மிஷினைத்தான் சந்தேகப்படுவார்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் நான் நர்ஸாக இருந்தேன். வடக்கனந்தலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். எங்கள் கட்டில்களில் பாதிக்கு மேல் தலையில் அடிபட்டவர்கள்தான். சேலம் ரோட்டில் லாரியில் மோதியவர்கள், மலைப்பாதை வளைவில் வண்டியோடு பள்ளத்தில் போனவர்கள், தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள். மூளை வீங்கியிருக்கும் என்பதால் மருந்து கொடுத்து மயக்கத்திலேயே வைத்திருப்போம். அந்த நிலையில் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் கிள்ளினாலும் பதில் வராது. பதில் வராதது அடியினாலா மருந்தினாலா என்று டாக்டருக்கே குழப்பமாக இருக்கும். அப்போதுதான் கீழே ஃபோன் போகும். "காது மேடத்த வரச் சொல்லுங்க."

கீழ்த்தளத்தில் அவருக்கு ஒரு சின்ன அறை. குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பதும், வயதானவர்களுக்குக் காதுமிஷின் பொருத்துவதும்தான் அன்றாட வேலை. மேலே கூப்பிட்டால் மிஷினை டிராலியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வருவார். குள்ளமான உருவம். காதோரம் நரைத்திருக்கும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே ஓடும் காற்றுமெத்தையின் மோட்டாரை அணைக்கச் சொல்வார். எல்லாருடைய செல்ஃபோனையும் வெளியே அனுப்பிவிடுவார். பிறகு குனிந்து, ஒன்றுமே அறியாமல் கிடக்கும் அந்த ஆளிடம் பேசுவார்.

"ஐயா, நெத்தியிலயும் காதுக்குப் பின்னாலயும் தேய்க்கப் போறேன். கொஞ்சம் எரியும். அப்புறம் காதுல சத்தம் வரும். பயப்படாதீங்க."

காதில் போடும் சத்தம் நரம்பு வழியாக மூளையின் அடித்தண்டுக்குப் போய், அங்கே ஒவ்வொரு இடமாக ஏறும். ஏறும்போது ஒவ்வொரு இடத்திலும் சின்னதாக ஒரு அலை கிளம்பும். தோலில் ஒட்டிய வயர்கள் அதைப் பிடித்துத் திரையில் கோடாகப் போடும். மூச்சும் இதயத் துடிப்பும் அந்த அடித்தண்டின் கட்டுப்பாட்டில்தான் இருக்கின்றன. மயக்க மருந்து இந்த அலைகளை அவ்வளவாக மறைப்பதில்லை. அதனால்தான் இந்தச் சோதனை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தியாகதுருகத்துப் பையன் ஒருவன் கிடந்தான். காலேஜ் போய்விட்டு வரும்போது ஆக்ஸிடென்ட். சோதனை முடிந்து மேடம் வெளியே வந்ததும் அவனுடைய அப்பா வழியை மறித்தார்.

"எம்புள்ள பொழைச்சிக்குவானாம்மா?"

"கள்ளக்குறிச்சியிலேர்ந்து வெள்ளிமலைக்கி பஸ்ஸுல போயிருக்கீங்களா?" என்று கேட்டார் மேடம். அவர் புரியாமல் தலையாட்டினார். "பஸ்ஸு கெளம்பிடுச்சி. கச்சிராயபாளையம் தாண்டிடுச்சி. டேம் தாண்டி மலையடிவாரம் வந்துடுச்சி. அதுவரைக்கும் இந்த மிஷினு காட்டுது. மேல ஏறி வெள்ளிமலை போய்ச் சேருதான்னு இதுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாதுங்க. மத்தத பெரிய டாக்டரக் கேளுங்க."

அவர் கும்பிட்ட கையோடு அப்படியே நின்றார். மேடம் டிராலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அடித்தண்டு நன்றாக இருக்கிறது என்பது நல்ல செய்திதானே. சிரித்த முகமாக அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வார்டில் எல்லாரும் அவரைப் பற்றி இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். கல்லு மாதிரி பொம்பளை என்பார்கள். இன்னொரு நாள் ஒரு பெண், தன் தம்பிக்காக, நடைபாதையில் எல்லார் முன்னாலும் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கம்மா, நான் போய்டறேன்." மேடம் அவளைத் தூக்கி நிறுத்தி, பெஞ்சில் உட்காரவைத்து, அவள் அழுது முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

அன்றைக்கு டீ குடிக்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"சொல்லியிருக்கலாம்ல மேடம்?"

"ஆறுதல் சொல்றதுக்கு ஊரே இருக்குது சிஸ்டர். நீங்க சொல்லுங்க, தப்பில்ல. நான் சொன்னா அத டெஸ்ட்டுல வந்ததா நெனச்சிக்குவாங்க."

அதற்குப் பிறகு நான் அவரிடம் இதைப் பற்றிக் கேட்டதில்லை.

வேலைக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். புதுப் புடவையைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "கலரு நல்லாருக்கு. பார்டர் எனக்குப் புடிக்கல" என்பார். மழை வருமா என்று கேட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "மேகம் இருக்குது" என்பார். நாங்கள் சிரிப்போம். அவருக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று விளங்காது.

அலமேலுவின் புருஷனைக் கொண்டுவந்தது மழைக்காலத்தில். வெள்ளிமலைக்கு உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். மரவள்ளிக் கிழங்கு விலை பேச ஆள் பார்த்துவிட்டு பைக்கில் திரும்பும்போது வளைவில் சறுக்கி, பாறையில் தலை மோதியிருக்கிறது. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வந்து உறைந்திருந்தது. அலமேலுவுக்கு முப்பது வயது இருக்கலாம். ஐ.சி.யு. கதவுக்கு வெளியே, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் சாயாமல் உட்கார்ந்திருப்பாள். அவளோடு புருஷனின் அண்ணன் இருந்தார். கச்சிராயபாளையத்தில் குடியிருப்பவர், நிதானமான மனிதர்.

மேடம் வந்து சோதனை செய்தார். திரையில் கோடு நேராகப் போனது. இரண்டு பக்கமும் ஒரு அலைகூட இல்லை. வயர்களைப் பிரித்து மறுபடி ஒட்டிப் பார்த்தார். தன் காதில் வைத்துப் பார்த்தார். சத்தம் இருந்தது. திரையில்தான் ஒன்றும் இல்லை. சின்ன டார்ச்சு வைத்து அடிபட்டவரின் காதுகளுக்குள் வெகுநேரம் பார்த்தார். டாக்டரிடம் போய்ப் பேசினார்.

அதற்குள் செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. டெஸ்ட்டில் ஒன்றுமே வரவில்லை என்பதுதான் செய்தி. அது கதவைத் தாண்டும்போது மூளை செத்துவிட்டது என்று ஆகியிருந்தது. அண்ணன் ஒரு வண்டியைப் பேசி வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. டாக்டரும் நிலைமை ரொம்ப மோசம் என்றுதான் சொல்லியிருந்தார். குழாய்களுக்கு நடுவே போகிற உயிர், மலையில் அவன் வீட்டில் போகட்டும் என்று நினைத்தார். அலமேலு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டாள்.

மேடம் நடைபாதைக்கு வந்தார். வார்டு விஷயமாக யாரிடமும் தானாகப் போய்ப் பேசி நான் பார்த்ததில்லை.

"மூளை செத்துடுச்சின்னு யாருங்க சொன்னது?"

"டெஸ்ட்டுல ஒன்னும் வரலன்னாங்களேம்மா" என்றார் அண்ணன்.

"வரல. வாஸ்தவம்தான். ஏன் வரலன்னு இன்னும் தெரியல. ரெண்டு காதுலயும் ரத்தம் கட்டிக்கினு இருக்குது. காது எலும்பும் ஒடைஞ்சிருக்குன்னு ஸ்கேன்ல இருக்குது. சத்தம் காதுக்குள்ளயே போவலன்னா மூளை இன்னா பண்ணும்? முதல் அலையே வரல. அது காதுலேர்ந்து வர்றது. அது வராதப்ப மூளையப் பத்தி இந்த டெஸ்ட்டு ஒன்னுமே சொல்லாது."

"அப்படின்னா பொழைச்சிக்குவானா?"

"அதுவும் தெரியாதுங்க. நாளைக்கி காது மூக்கு தொண்டை டாக்டர் வந்து சுத்தம் பண்ணட்டும். திரும்பப் போட்டுப் பாக்கறேன். கூட்டிக்கினு போறதும் வச்சிருக்கறதும் உங்க இஷ்டம். ஆனா டெஸ்ட்டுல செத்துட்டான்னு வந்துச்சின்னு மட்டும் சொல்லாதீங்க. அது வரல."

அண்ணன் அலமேலுவைப் பார்த்தார். அவள் மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள். "வண்டிய அனுப்பிச்சிடுங்க மாமா" என்றாள்.

மறுநாள் ரத்தக்கட்டியை எடுத்தபிறகு சோதனை நடந்தது. வலது காதில் எதுவும் இல்லை, அந்தப் பக்கம் எலும்போடு எல்லாம் நொறுங்கியிருந்தது. இடது காதில், சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தபோது, முதலில் ஒரு மேடு எழுந்தது. பிறகு இன்னொன்று. கடைசி அலை தாமதமாக வந்தது. ஆனாலும் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேடம் இன்னொரு முறை போட்டு அதே கோடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவருகே அலமேலு கேட்டாள், "அவருக்குக் கேக்குதாம்மா?"

"இடது காது வழியா சத்தம் போவுது. தண்டு வேலை செய்யுது. கேக்குதான்னு தெரியாது."

அவள் எடுத்துக்கொண்டது முதல் பாதியைத்தான். பார்வையாளர் நேரத்தில் உள்ளே விட்ட உடனே இடது பக்கம் போய் நின்றுகொள்வாள். குனிந்து, கூச்சமே இல்லாமல் பேசுவாள். கிழங்குக்காட்டில் பன்றி புகுந்தது, பாப்பா கணக்கில் நல்ல மார்க்கு எடுத்தது, பக்கத்து வூட்டு மாடு கன்று போட்டது. நாங்கள் எல்லாரும் சொன்னோம், "பேசு பேசு, அவருக்குக் கேக்கும்." மேடம் அந்தப் பக்கம் வந்தால் மட்டும் அவள் எதுவும் கேட்கமாட்டாள்.

அவர் பிழைத்தார். வென்டிலேட்டரை எடுத்தபோது மூச்சு தானாக வந்தது. கண்ணும் திறந்தது. ஆனால் அந்தக் கண் யாரையும் பார்க்கவில்லை. தொண்டையில் ஓட்டை, மூக்கில் குழாயோடு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பும்போது மேடம் கீழறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை, "நாளைக்கி வெள்ளிமலை வரீங்களா சிஸ்டர்?" என்று மேடம் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம், பிறகு நடை. தகரக் கூரை போட்ட வீடு. உள்ளே கட்டிலில் அவர் கிடந்தார். கை இரண்டும் மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தன. கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடுப்பில் படுக்கைப்புண், அந்த வாசனையை எந்த ஊதுபத்தியும் மறைக்கவில்லை. அலமேலு பிள்ளையை ஹாஸ்டலில் விட்டிருந்தாள். காட்டை யாருக்கோ உழக் கொடுத்திருந்தாள். புருஷனின் அண்ணன் ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒருமுறை வந்தவர், இப்போது வருவதில்லை. எங்களைப் பார்த்ததும் அவள் வாங்க என்று சொல்லவில்லை. பாயை மட்டும் விரித்தாள்.

நாங்கள் உட்கார்ந்ததும் மேடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க அன்னிக்கி குறுக்க வரலன்னா, வண்டில போட்டுக்கினு வந்திருப்போம். அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

மேடம் ஏதாவது சொல்வார், உன் நல்லதுக்குத்தானே என்றாவது சொல்வார் என்று பார்த்தேன்.

"ஆமா" என்றார். "முடிஞ்சிருக்கும்."

அலமேலு அதை எதிர்பார்க்கவில்லை போல. அவள் முகம் கலைந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

"வர்றவங்க எல்லாம் அவருக்குக் கேக்குது, எல்லாம் புரியுதுன்றாங்க. நீங்க ஒருத்தர்தான் தெரியாதுன்னீங்க. இப்பவாச்சும் தெரியுமா?"

"இப்பவும் தெரியாதும்மா."

"ம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்ப உங்களாண்ட சொல்லலாம். யாராண்டயும் சொன்னதில்ல. செத்துட்டா தேவலன்னு இருக்குது. குழாய்ல கஞ்சி ஊத்தறப்பவே தோணுது. ஊத்திக்கினே இருக்கறேன், தோணிக்கினே இருக்குது."

நான் கட்டிலைப் பார்த்தேன். அவர் இடது காது எங்கள் பக்கம் இருந்தது.

"தோணும்" என்றார் மேடம்.

பிறகு எழுந்து வெந்நீர் கேட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "ஐயா, பொரட்டப் போறோம், வலிக்கும்" என்றார். மூன்று பேருமாக அவரைப் புரட்டினோம். புண்ணைக் கழுவினேன். எப்படி மருந்து வைத்துக் கட்டுவது, எத்தனை மணிக்கொருமுறை புரட்டுவது என்று அலமேலுவுக்குச் செய்து காட்டினேன். மேடம் துணிகளை அலசிக் கொடியில் போட்டார். கிளம்பும்போது அவள் வாசல் வரை வந்தாள்.

பஸ் மலையிறங்கியது. கச்சிராயபாளையத்தில் ஆளேற்ற நின்றபோது மேடம் சொன்னார். "அன்னிக்கி நான் சொன்னது தப்பில்ல சிஸ்டர். தப்பில்லன்னா போதும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அதன் பிறகும் அவர் நல்ல வார்த்தை சொல்லத் தொடங்கிவிடவில்லை. ஆனால் சொல்வது கொஞ்சம் நீண்டது. அலைகள் வந்தாலும், வராவிட்டாலும், டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவரையும் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களை உட்காரவைத்துப் பேசுவார். "தண்டு வேலை செய்யுதுன்னா எழுந்து நடப்பாருன்னு அர்த்தம் இல்ல. நடந்தவங்களும் இருக்காங்க. கண்ணத் தொறந்துக்கினு வருஷக்கணக்கா படுத்திருக்கறவங்களும் இருக்காங்க. ஒருத்தர நான் வூட்டுல போய்ப் பாத்திருக்கறேன்." சிலர் கோபப்பட்டார்கள். இந்தம்மா எதற்கு அபசகுனமாகப் பேசுகிறாள் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னவர்களும் உண்டு. டாக்டர்தான் அவரை விட்டுக்கொடுக்காமல் பேசினார்.

அலமேலுவின் புருஷன் அடுத்த மழைக்காலத்தில் செத்துப்போனார். சளி கட்டி, நுரையீரலில் கிருமி சேர்ந்து, மலையிலிருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் உயிர் நிற்கவில்லை. எனக்கு ஃபோன் வந்தது. மேடத்திடம் சொன்னேன். "எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

காரியமெல்லாம் முடிந்த சில வாரங்களில், மதிய வேளையில் அலமேலு மருத்துவமனைக்கு வந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். ஏதோ சர்டிஃபிகேட்டுக்காகத் தாலுகா ஆபீஸ் வந்தேன், அப்படியே வந்தேன் என்றாள். அவளைக் கீழறைக்குக் கூட்டிப்போனேன். மேடம் சாப்பாட்டுக் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு தட்டில் சோறு போட்டு அவள் முன் வைத்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

அவள் சோற்றைத் தொடவில்லை.

"கடைசி ராத்திரி நான் பேசலம்மா. தெனமும் பேசுவேன். அன்னிக்கி ஒடம்பு முடியல, அப்படியே படுத்துத் தூங்கிட்டேன். விடியக்காலையில பாத்தா மூச்சு வாங்கிக்கினு இருந்தாரு. கூட்டிக்கினு ஓடனோம்." மேடத்தைப் பார்த்தாள். "நான் பேசல, இவ நம்மள விட்டுட்டான்னு நெனச்சிதான் போய்ட்டாரா? நான் வேற உங்களாண்ட அன்னிக்கி அவரு முன்னாடியே அப்படிச் சொன்னேன். அது கேட்டுடுச்சோ?"

மேடம் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். தெரியாதும்மா என்பார். இந்த ஒரு முறையாவது பொய் சொல்லுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மேடம் கையைக் கழுவிவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவருக்குக் கேட்டுச்சான்னு தெரியாது. நீ சொன்னது புரிஞ்சிதான்னு தெரியாது. ஆனா இது தெரியும். அவரு செத்தது நுரையீரலு கெட்டுப்போயி. படுத்தே கெடக்கறவங்களுக்கு வர்றது அது. நீ பேசாததால சாகல. நீ நெனச்சதால சாகல. இத நான் ஆறுதலுக்குச் சொல்லல. எனக்குத் தெரியும்."

"நெசமாவாம்மா?"

"நெசமா."

அலமேலு அவர் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் எப்போதும்போல் இறுக்கமாகத்தான் இருந்தது. அதில் இரக்கம் என்று தனியாக எதையும் நான் காணவில்லை. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்தாள்.